ஏஐஎஸ் பாத்து ரிட்டர்ன் போடுறது: வந்த நாள்ல இருந்து யூஸ் பண்றவனோட அனுபவம்

2021 நவம்பர்ல வருமான வரித்துறை போர்ட்டல்ல ஏஐஎஸ் (ஆனுவல் இன்ஃபர்மேஷன் ஸ்டேட்மெண்ட், வருடாந்திர தகவல் அறிக்கை) வந்ததுல இருந்து எங்க வீட்டு வருமான வரி ரிட்டர்ன் எல்லாம் நானே தான் போடுறேன். என்னோடது, மனைவியோடது, அம்மாவோடது. மூணும் மூணு விதம். எனக்கு சம்பளம் கூட கொஞ்சம் ஷேர், மனைவிக்கு மியூச்சுவல் ஃபண்ட், அம்மாவுக்கு முழுக்க எஃப்டி வட்டியும் போஸ்ட் ஆபீஸும். இத்தனை வருஷத்துல எனக்கு உறுதியா தோணுறது ஒண்ணு தான், நம்மளப் பத்தி பேங்க், கம்பெனி, ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் இவங்கல்லாம் டிபார்ட்மெண்ட் கிட்ட என்ன சொல்லிருக்காங்கன்னு நமக்கே காட்டுற பேப்பர் இது, நம்ம கணக்கை நம்ம தான் எழுதணும், எழுதி முடிச்சுட்டு இதோட ஒத்துப் பாக்கணும். இந்த வரிசையை மாத்தி, ஏஐஎஸ்ஸ முதல்ல திறந்து வச்சுக்கிட்டு அதுல இருக்கிறதை அப்படியே ரிட்டர்ன்ல இறக்குனா சில சமயம் அதிகமா வரி கட்டுவோம், சில சமயம் வருமானத்தை விட்டுட்டு பின்னாடி மெசேஜ் வாங்குவோம்.

முன்னாடி 26ஏஎஸ்ங்கிற ஸ்டேட்மெண்ட் மட்டும் தான் இருந்துச்சு, அதுல முக்கியமா டிடிஎஸ் (நமக்குப் பணம் தர்றவங்க முன்கூட்டியே பிடிச்ச வரி) தெரியும், பெரிய பரிவர்த்தனை கொஞ்சம் தெரியும். ஏஐஎஸ் வந்தப்புறம் எல்லாம் இங்க வந்துருச்சு, 2023-24 மதிப்பீட்டு ஆண்டுல இருந்து டிரேசஸ்ங்கிற டிடிஎஸ் தளத்துல இருக்கிற 26ஏஎஸ்ல டிடிஎஸ், டிசிஎஸ் (விக்கிறவங்க நம்மகிட்ட வசூலிக்கிற வரி) விவரம் மட்டும் தான் வருது. போர்ட்டல்ல லாகின் பண்ணி மேல மெனுவுல ஏஐஎஸ்ஸ அமுக்குனா வேற டேப்ல திறக்கும், பாப்அப் பிளாக் பண்ணி வச்சிருந்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், அதை முதல்ல அலவ் பண்ணிருங்க. பிடிஎஃப் எடுத்தீங்கன்னா பாஸ்வேர்ட் பான் நம்பர் சின்ன எழுத்துல, அதோட பிறந்த தேதி நாள் மாசம் வருஷம் சேர்த்து, நடுவுல இடைவெளி கிடையாது.

எப்ப பாக்கணும்ங்கிறது ரொம்ப முக்கியம். பேங்க், மியூச்சுவல் ஃபண்ட், ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் எல்லாம் எஸ்எஃப்டி (பெரிய பரிவர்த்தனை, வட்டி மாதிரி விவரத்தை டிபார்ட்மெண்டுக்குச் சொல்ற அறிக்கை) தாக்கல் பண்ண கடைசி தேதி மே 31, ஜனவரி முதல் மார்ச் வரைக்குமான டிடிஎஸ் ரிட்டர்னுக்கும் மே 31 தான். அதனால ஏப்ரல்லயோ மே நடுவுலயோ பாத்துட்டு “என்னோடது ரொம்ப சின்னதா இருக்கே”ன்னு சந்தோஷப்பட்டு ரிட்டர்ன் போட்டா, பாதி தகவல் அப்புறம் தான் வந்து உக்காரும். நான் ஜூன் நடுவுக்கு முன்னாடி தொடவே மாட்டேன். ஃபைல் பண்ற அன்னிக்கு மறுபடி ஒரு பிடிஎஃப் எடுத்து வச்சுக்குவேன், ஏன்னா இது மாறிக்கிட்டே இருக்கும், நம்ம ரிட்டர்ன் போட்ட அன்னிக்கு இதுல என்ன இருந்துச்சுங்கிறதுக்கு நம்ம கையில ஒரு ஆதாரம் வேணும்.

முதல் தடவ திறக்கிறவங்க பயப்படுறது எங்கன்னா, அதுல இருக்கிற எல்லாத் தொகையும் வருமானம்னு நினைச்சுக்கிறாங்க. கிரெடிட் கார்டு பில் வருஷத்துல 10 லட்சமோ அதுக்கு மேலயோ கட்டினா வரும், எஃப்டி 10 லட்சமோ அதுக்கு மேலயோ போட்டா வரும், சேவிங்ஸ் கணக்குல ரொக்கமா 10 லட்சமோ அதுக்கு மேலயோ கட்டினா வரும், மியூச்சுவல் ஃபண்ட் வாங்கினது வரும். இதெல்லாம் செலவும் முதலீடும், வருமானம் கிடையாது, இதுக்கு வரி இல்ல. ஆனா இந்த அளவு பணம் எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா பதில் இருக்கணும், அவ்ளோ தான். ரிட்டர்ன்ல 5 லட்சம் வருமானம் காட்டிட்டு ரொக்கமா 15 லட்சம் டெபாசிட் இருந்தா கேள்வி வரத்தான் செய்யும்.

வட்டி விஷயத்துல தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன், அம்மாவோட ரிட்டர்ன்ல பெரும்பாலும் வட்டி தான். ஒரே எஃப்டி வட்டி ரெண்டு இடத்துல வரும், டிடிஎஸ் பகுதியில 194ஏ-ன்னு ஒரு பதிவு, எஸ்எஃப்டி பகுதியில 016-ன்னு இன்னொரு பதிவு. ரெண்டையும் கூட்டிறக் கூடாது. பேங்க்ல வட்டி சர்டிபிகேட் வாங்கி வச்சுக்கிட்டு கணக்கு நம்பரோட கடைசி இலக்கங்களைப் பாத்து ஒண்ணொண்ணா டிக் பண்ணுங்க, வேற வழி கிடையாது. அப்புறம் 15எச் (சீனியர் சிட்டிசன் பேங்க்ல கொடுக்கிற படிவம்) கொடுத்தாச்சு அதனால வட்டியைக் காட்ட வேணாம்னு நிறைய பெரியவங்க நினைக்கிறாங்க, 15எச் டிடிஎஸ் பிடிக்காம இருக்கத் தான், வட்டி வருமானம் வருமானம் தான், பேங்க் அதை எஸ்எஃப்டில சொல்லிரும். சேவிங்ஸ் கணக்குல வந்த நாப்பது ரூபா வட்டி கூட வருது, மறந்து போன பழைய கணக்கெல்லாம் எனக்கு இதுல தான் தெரிஞ்சுச்சு, அதுக்காகவே நன்றி சொல்லணும். ஜாயிண்ட் கணக்குன்னா வட்டி பொதுவா முதல் பேரோட பான்ல வரும், அதனால அம்மா பணம் போட்டு என் பேரு முதல்ல இருக்கிற கணக்கெல்லாம் நாங்க மாத்தி எழுதிட்டோம், வருஷா வருஷம் விளக்கம் சொல்ற வேலை மிச்சம்.

க்யூமுலேட்டிவ் எஃப்டி வச்சிருக்கவங்க கவனிங்க. பணம் கையில வர்றது 5 வருஷம் கழிச்சு, ஆனா பேங்க் வருஷா வருஷம் சேர்ந்த வட்டியை சொல்லுது, டிடிஎஸ்ஸும் அப்பப்ப பிடிக்குது. முதிர்ச்சி அன்னிக்கு மொத்தமா காட்டிக்கலாம்னு விட்டா நாலு வருஷம் ஏஐஎஸ்ஸோட ஒத்துப் போகாது, அஞ்சாவது வருஷம் மொத்த வட்டியும் ஒரே நேரத்துல ஏறி ஸ்லாப் மாறும். வருஷா வருஷம் காட்டிட்டுப் போறது தான் நிம்மதி. இன்னொண்ணு, போன வருஷ ரீஃபண்ட் லேட்டா வந்தா டிபார்ட்மெண்ட் அதுக்கு வட்டி கொடுக்கும் பாருங்க, அதுவும் வரிக்கு உட்பட்ட வருமானம், ஏஐஎஸ்ல தனிப் பதிவா இருக்கும். பேங்க்ல ரீஃபண்டும் வட்டியும் சேர்ந்து ஒரே தொகையா வர்றதால நம்ம கண்ணுல படாது. பழைய வரி முறையில இருக்கிறவங்க 80டிடிஏ பிரிவுல சேவிங்ஸ் வட்டிக்கு 10,000, சீனியர் சிட்டிசன்னா 80டிடிபி-ல 50,000 வரை கழிச்சுக்கலாம், ஆனா முதல்ல முழு வட்டியையும் வருமானமா காட்டிட்டு அப்புறம் தான் கழிக்கணும், கழிச்ச மீதியை மட்டும் எழுதினா அது பொருந்தாம நிக்கும்.

ஷேர், மியூச்சுவல் ஃபண்ட் பக்கம் ஏஐஎஸ்ஸ நம்பி கணக்குப் போடவே போடாதீங்க, இதை நான் அழுத்தியே சொல்றேன். விற்பனைப் பதிவுகள் ஒவ்வொண்ணா வரும், வாங்கின விலைன்னு ஒரு காலமும் இருக்கும், ஆனா அது உங்க உண்மையான வாங்கின விலையா இருக்கணும்னு இல்ல. ஒரு டீமேட்ல இருந்து இன்னொரு டீமேட்டுக்கு மாத்தினது, அப்பா அம்மா கிஃப்ட்டா மாத்திக் கொடுத்தது, பழைய பேப்பர் ஷேர டீமேட் பண்ணது, இதுல எல்லாம் விலை பூஜ்யமாவோ தப்பாவோ நிக்கும், அப்படியே விட்டா வித்த தொகை முழுக்க லாபம்னு ஆயிரும். விற்பனை விலையும் சில பதிவுல அன்னிக்கு மார்க்கெட் விலைய வச்சுப் போட்ட மதிப்பா இருக்கும், காண்ட்ராக்ட் நோட்ல இருக்கிற விலையோட சின்னதா வேறுபடும். அதனால புரோக்கர் கொடுக்கிற டாக்ஸ் பி அண்ட் எல், ஃபண்டுக்கு கேபிடல் கெயின்ஸ் ஸ்டேட்மெண்ட், இதை வச்சு தான் எழுதணும். ஏஐஎஸ்ஸ எதுக்கு யூஸ் பண்ணணும்னா, நீங்க விட்டுப் போன விற்பனை ஏதாவது இருக்கான்னு பாக்கிறதுக்கு. என் மனைவி ஒரு ஃபண்ட்ல ரெகுலர்ல இருந்து டைரக்ட்டுக்கு ஸ்விட்ச் பண்ணாங்க, பணம் கைக்கே வரல அதனால விற்பனை இல்லன்னு அவங்க நினைப்பு, ஆனா ஸ்விட்ச்சும் ஒரு ரிடெம்ப்ஷன் தான், எஸ்டிபி-ல (ஒரு ஃபண்ட்ல இருந்து இன்னொண்ணுக்கு தானா மாறுற திட்டம்) மாசா மாசம் போறதும் அப்படித் தான், ஏஐஎஸ்ல வரிசையா இருந்துச்சு. 2018 ஜனவரி 31 வரைக்கும் வாங்கின ஈக்விட்டிக்கு (ஷேர், ஈக்விட்டி ஃபண்ட்), அதுவரைக்கும் ஏறின லாபத்துக்கு வரி வராம, அந்த நாள் விலைய வச்சு ஒரு பாதுகாப்பு இருக்கு, அதையும் நீங்க தான் கவனிச்சு எழுதணும்.

டிவிடெண்ட் பத்தி ஒண்ணு. 2020 ஏப்ரல்ல இருந்து டிவிடெண்ட் வாங்கினவர் கையில தான் வரி, டிடிஎஸ் பிடிக்காத சின்னத் தொகையும் ஏஐஎஸ்ல கம்பெனி வாரியா இருக்கும். இதுக்கு மட்டும் ஏஐஎஸ்ஸ விட நல்ல பட்டியல் நான் பாத்ததில்ல, பேங்க் ஸ்டேட்மெண்ட்ல தேடிக்கிட்டு இருக்க வேணாம்.

வீடு, நிலம் வித்தவங்களுக்கு, 30 லட்சமும் அதுக்கு மேலயும் உள்ள பத்திரம் எல்லாம் பதிவு அலுவலகத்துல இருந்து வந்துரும். அண்ணன் தம்பி மூணு பேர் சேர்ந்து வித்த பூர்வீக இடத்துக்கு மூணு பேர் பான்லயும் முழுத் தொகையும் வந்ததை எங்க சொந்தத்துலயே பாத்தேன். பதறாதீங்க, உங்க பங்கு எவ்ளோன்னு ஃபீட்பேக்ல (தகவல் சரியா தப்பான்னு ஏஐஎஸ்லயே நம்ம கொடுக்கிற பதில்) கொடுத்து, ரிட்டர்ன்லயும் உங்க பங்கை மட்டும் காட்டணும், பத்திர நகல பத்திரமா வச்சுக்கணும். அதே மாதிரி அப்பா வீட்டுல இருந்துக்கிட்டு அவருக்கு வாடகை கொடுத்து எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி) விலக்கு கேக்கிறவங்க, வருஷத்துக்கு 1 லட்சம் தாண்டினா ஆபீஸ்ல அப்பா பான் கொடுத்துருப்பீங்க, ஆபீஸ் அதை டிடிஎஸ் ரிட்டர்ன்ல சேர்த்து அனுப்பும், அப்பா ஏஐஎஸ்ல வாடகை வருமானம்னு வந்து நிக்கும். அவர் ரிட்டர்ன்லயும் அது இருக்கணும், முன்னாடியே அவர்கிட்ட சொல்லிருங்க.

டிஐஎஸ்னு இன்னொரு பகுதி இருக்கு, ஏஐஎஸ்ல இருக்கிறதை வகை வாரியா கூட்டி சுருக்கித் தர்றது. ரெட்டையா வந்ததை சிஸ்டமே கழிச்சுட்டு ஒரு தொகை போடும், நீங்க ஃபீட்பேக் கொடுத்தா அதுக்கு ஏத்த மாதிரி இன்னொரு தொகை வரும், ரிட்டர்ன்ல தானா நிரம்பி வர்றதுக்கு இதைத் தான் எடுக்குது. வசதி தான், ஆனா ப்ரீஃபில் வந்துருச்சுன்னு அப்படியே சப்மிட் பண்ணா பொறுப்பு முழுக்க நம்மளோடது.

ஃபீட்பேக் கொடுக்கிறதுக்கு நிறைய பேர் தயங்குறாங்க, கொடுத்தா நோட்டீஸ் வரும்னு. எங்க அனுபவத்துல அப்படி வரல. அம்மாவோட ஒரு மூடின எஃப்டிக்கு ஒரு பேங்க் ஒரே வட்டிய ரெண்டு தடவ சொல்லிருந்துச்சு, சிஸ்டமும் அதை ரெட்டைன்னு கண்டுபிடிக்கல. வட்டி சர்டிபிகேட்ட கையில வச்சுக்கிட்டு அந்தப் பதிவ அமுக்கி, இது வேற தகவல்ல ஏற்கனவே இருக்குங்கிற பதிலைக் கொடுத்தேன், டிஐஎஸ்ல தொகை சரியா இறங்குச்சு. முழுக்க சரி, ஓரளவு தான் சரி, வேற பான் அல்லது வேற வருஷத்தோடது, ரெட்டையா வந்துருக்கு, என்னோடதே இல்ல, இப்படி பதில் இருக்கும், உண்மை எதுவோ அதை மட்டும் கொடுங்க. வரி குறையும்னு “என்னோடது இல்ல”ன்னு அமுக்கிறவங்க இருக்காங்க, தகவல் கொடுத்தவங்க கிட்ட அதை அனுப்பி உறுதி கேக்கிறாங்க, அவங்க சரின்னு சொன்னா மாட்டிக்கிறது நீங்க தான். 2024 மே மாசத்துல இருந்து நம்ம ஃபீட்பேக் என்னிக்கு அவங்களுக்குப் போச்சு, என்னிக்கு பதில் வந்துச்சு, ஏத்துக்கிட்டாங்களா இல்லையான்னு ஏஐஎஸ்லயே தெரியுது, இந்த வசதி வந்தது தான் இத்தனை வருஷத்துல எனக்குப் பிடிச்ச மாற்றம். ஏத்துக்கிட்டா அவங்க திருத்தின ஸ்டேட்மெண்ட் தாக்கல் பண்ணணும், அதனால ஃபீட்பேக்கோட நிறுத்தாம பேங்குக்கும் ஒரு மெயில் போடுங்க.

டிடிஎஸ் தொகையில ஏஐஎஸ்ஸும் 26ஏஎஸ்ஸும் வேறுபட்டா ரிட்டர்னுக்கு 26ஏஎஸ்ஸத் தான் எடுக்கணும், ஏஐஎஸ் அறிமுகம் ஆனப்பவே டிபார்ட்மெண்ட் அதைச் சொல்லிருச்சு. ஏஐஎஸ்ல வராத வருமானமும் இருக்கும்ங்கிறதையும் அதுலயே போட்டுருக்காங்க. ட்யூஷன் ஃபீஸ், ரொக்கமா வாங்குற வாடகை, தெரிஞ்சவங்களுக்குக் கடன் கொடுத்து வாங்குற வட்டி இதெல்லாம் அதுல இல்லங்கிறதுக்காக வரி இல்லன்னு ஆகாது.

ரிட்டர்ன் போட்டு முடிஞ்சப்புறமும் ஒரு தடவ, நவம்பர் வாக்குல, திறந்து பாக்கிறது என் வழக்கம். 2024 டிசம்பர்ல ஏஐஎஸ்ஸும் ரிட்டர்னும் ஒத்துப் போகாதவங்களுக்கு டிபார்ட்மெண்ட் எஸ்எம்எஸ், மெயில் அனுப்புச்சு, அப்ப டிசம்பர் 31 வரைக்கும் திருத்தின ரிட்டர்ன் போட நேரம் இருந்துச்சு, அந்த மாதிரி மெசேஜ் வர்றதுக்கு முன்னாடியே நம்மளே பாத்துட்டா நிதானமா செய்யலாம். அந்தத் தேதியும் போயிருச்சுன்னா அப்டேட்டட் ரிட்டர்ன் இருக்கு, 2025 நிதிச் சட்டத்துல அதுக்கான காலம் 24 மாசத்துல இருந்து 48 மாசமா ஆச்சு, ஆனா கட்ட வேண்டிய வரியும் வட்டியும் சேர்ந்த தொகை மேல முதல் வருஷத்துல 25 சதவீதம் கூடுதல், அப்புறம் 50, 60, 70-ன்னு ஏறும், ரீஃபண்ட் கேக்கிறதுக்கு அதை யூஸ் பண்ண முடியாது.

மொபைல் ஆப் 2023 மார்ச்ல வந்துச்சு, சும்மா ஒரு பார்வைக்கு நல்லா இருக்கு, நான் ஃபீட்பேக் கொடுக்கிறதெல்லாம் கம்ப்யூட்டர்ல தான், நீளமான பட்டியல சின்ன ஸ்க்ரீன்ல ஒத்துப் பாக்க முடியல. எனக்கு இன்னும் ரெண்டு விஷயம் வேணும். பத்திரப் பதிவு தகவல்ல ஒவ்வொருத்தர் பங்கும் பிரிஞ்சு வரணும், பத்திரத்துலயே அது எழுதிருக்கும் போது முழுத் தொகைய எல்லார் தலையிலயும் வைக்கிறது நியாயம் இல்ல. அடுத்தது தமிழ்ல வேணும். அம்மா அவங்க ஏஐஎஸ்ஸ நான் இல்லாம அவங்களே படிச்சு, இந்த வட்டி என்னோடது, இது இல்லன்னு சொல்ற அளவுக்கு விவரம் உள்ளவங்க தான், மொழி மட்டும் தான் தடையா நிக்குது.