57 வயதில் குரூஸருக்கு மாறினேன்: மூன்று ஆண்டுகள், 26,000 கிலோமீட்டர்

வத்தலக்குண்டு தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்திவிட்டு டம்ளரை வாங்கினேன். வலது கையின் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் சூடே உறைக்கவில்லை. மதுரையிலிருந்து கிளம்பி ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. முன்பக்கம் குனிந்து ஓட்டும் 200 சிசி வண்டி அது. உடலின் பாரமெல்லாம் உள்ளங்கையில் இறங்கி நரம்பை அழுத்தியிருக்கிறது. அன்று கொடைக்கானல் மலை ஏறாமலேயே திரும்பிவிட்டேன்.

இந்த வயதில் ஸ்கூட்டர் போதும் என்றார்கள். நகருக்குள் சரிதான். ஆனால் சிறிய சக்கரம் நெடுஞ்சாலைப் பள்ளத்தில் இறங்கினால் அந்த அடி நேராக இடுப்பில் விழும். நிமிர்ந்து உட்கார்ந்து, கால்களை முன்னால் நீட்டி ஓட்டும் குரூஸர் வகை பைக்கான ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 வாங்கினேன்.

மெத்தென்ற இருக்கைதான் சொகுசு என்று நினைத்திருந்தேன். அது தவறு. கை, இடுப்பு, பாதம் ஆகிய மூன்றும் எங்கே அமைகின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதில் ஹேண்டில்பார் நம்மை நோக்கி வருகிறது; முதுகு நிமிர்ந்து நிற்கிறது. 26,000 கிலோமீட்டரில் ஒருமுறைகூட விரல் மரத்துப்போகவில்லை. எஞ்சினில் பேலன்ஸர் ஷாஃப்ட் இருப்பதால் 80 கிலோமீட்டர் வேகத்தில் கைப்பிடியில் அதிர்வு மிகக் குறைவு. அதற்கு மேல் விரட்டும் ஆசை எனக்கு இல்லை. விரட்டுகிறவர்களுக்கு 20 குதிரைத்திறன் போதாது.

இருக்கை உயரம் 765 மில்லிமீட்டர்தான். ஐந்தரை அடி உயரமுள்ள எனக்கு இரண்டு பாதங்களும் முழுதாகத் தரையில் பதிகின்றன. கோரிப்பாளையம் நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போது இது தரும் தைரியத்தை, வயதான முட்டி உள்ளவர்கள்தான் உணர முடியும். கியரைக் குதிகாலாலும் மிதித்து ஏற்றலாம்.

இனி சிரமங்கள். இவை குரூஸர் வகைக்கே உரியவை. கால்கள் முன்னால் நீண்டிருப்பதால் வேகத்தடையில் சட்டென்று எழுந்து நிற்க முடியாது. அதிர்ச்சி முழுவதையும் வால் எலும்பு வாங்கிக்கொள்ளும். முதல் இரண்டு மாதம் வலித்தது. தனியாகப் போகும்போது பின்பக்க ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தை ஒரு படி தளர்த்தினேன். வேகத்தடைக்கு முன்பே வேகத்தை நன்றாகக் குறைக்கப் பழகினேன். வலி போய்விட்டது.

அடுத்தது எடை, 191 கிலோ. சரிவான இடத்தில் வண்டியின் மூக்கைப் பள்ளத்தை நோக்கி நிறுத்திவிட்டால் பின்னால் இழுக்கவே முடியாது. திருப்பரங்குன்றத்தில் ஒருநாள் பூக்கடைக்காரர் ஓடிவந்து பிடித்துத் தள்ளினார். இப்போதெல்லாம் பின்சக்கரம் பள்ளத்துப் பக்கம் இருக்கும்படிதான் நிறுத்துகிறேன். எடுக்கும்போது வண்டி தானாகவே பின்னால் உருண்டு வரும். இந்த ஒரு பழக்கம் என் இடுப்பைக் காப்பாற்றியிருக்கிறது.

மைலேஜ் எனக்கு லிட்டருக்கு 34, 35 கிடைக்கிறது. 15 லிட்டர் டேங்க் என்பதால் கவலையில்லை.

வாங்க நினைப்பவர்கள் கடைவாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். துணைவியாரைப் பின்னால் உட்கார வைத்தும் ஓட்டுங்கள். நான் அதைச் செய்யாமல் விட்டேன். என் மனைவிக்குப் பின்னிருக்கை பழக நாளானது. முதுகுச் சாய்மானம் பொருத்திய பிறகுதான் தேனி வரை இறங்காமல் வந்தாள். ஐப்பசி மழை ஓய்ந்ததும் குமுளிக்குப் போகலாம் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.