பழைய சோறா, புரோபயாடிக் பாட்டிலா? சென்னை வெயிலில் எது சரிப்படும்

குடலுக்கு நல்ல பாக்டீரியா தினமும் போக வேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்தபோது, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவை இரண்டு. சூப்பர் மார்க்கெட் ஃபிரிட்ஜில் வரிசையாக நிற்கும் யாகுல்ட் ஒன்று; நல்ல பாக்டீரியா உயிரோடு இருக்கும் (அதுதான் புரோபயாடிக்) புளித்த பால் பானம். ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கும் பழையது இன்னொன்று. இரண்டையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, நாங்கள் பழைய சோற்றுக்கே வந்துவிட்டோம்.

இட்லியும் புளித்ததுதானே என்று கேட்பார்கள். மாவைப் புளிக்கவும் பொங்கவும் வைப்பதில் லூக்கோனோஸ்டாக் மெசென்டீராய்டிஸ் என்ற பாக்டீரியாவுக்குப் பெரிய பங்கு உண்டு என்று அமெரிக்க விஞ்ஞானி ஸ்டைன்க்ராஸ் இடம்பெற்ற குழு 1965-லேயே எழுதியது. சத்து விஷயத்தில் இட்லிக்குக் குறையே சொல்ல முடியாது. ஆனால் ஆவியில் வெந்ததும் அந்த பாக்டீரியா செத்துவிடும். உயிரோடு வயிற்றுக்குள் போக வேண்டும் என்றால் இட்லி இந்தப் போட்டியில் இல்லை.

பாட்டிலுக்குச் சேர வேண்டிய பெருமையை முதலில் கொடுத்துவிடுகிறேன். ஜப்பான் விஞ்ஞானி மினோரு ஷிரோட்டா 1930-ல் பிரித்தெடுத்து வளர்த்த பாக்டீரியா வகைதான் யாகுல்ட்டில் இருப்பது. பானம் 1935 முதல் விற்பனையில் இருக்கிறது. 65 மில்லி பாட்டிலில் 650 கோடிக்கு மேல் பாக்டீரியா இருப்பதாக நிறுவனம் சொல்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும், மனிதர்களிடம் சோதித்தும் இருக்கிறார்கள். பழையதில் எந்தெந்த பாக்டீரியா, எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு, பானைக்குப் பானை மாறும். இந்த ஒரு இடத்தில் பாட்டில்தான் முன்னால் நிற்கிறது. பாட்டிலில் இருக்கும் சர்க்கரையும் அதன் விலையும் எல்லோருக்கும் தெரிந்ததே.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது வெப்பம். பாட்டிலை 10 டிகிரிக்குக் கீழேயே வைத்திருக்க வேண்டும். ஹரியானாவின் சோனிபட் தொழிற்சாலையிலிருந்து சென்னைக்கு வந்து, குடோன், டெலிவரி வண்டி, கடை என்று கைமாறும் வரை அந்தக் குளிர் விட்டுப்போகக் கூடாது. கம்பெனி ஒழுங்காக அனுப்பினாலும் கடைசி ஒரு கிலோமீட்டர் யார் கையில் இருக்கிறது? ராத்திரி ஷட்டரை இறக்கும்போது ஃபிரிட்ஜையும் அணைத்துவிட்டுப் போகும் கடையை நானே பார்த்திருக்கிறேன். காலையில் பாட்டில் திரும்பவும் ஜில்லென்று இருக்கும். இடையில் என்ன நடந்தது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியே இல்லை.

பழையதற்கு நம் ஊர் வெப்பம் ஒத்தாசை செய்கிறது. சித்திரை, வைகாசியில் ராத்திரியும் புழுங்கும் சமையலறையில் லாக்டிக் அமில பாக்டீரியா வேகமாகப் பெருகித் தண்ணீரைப் புளிக்க வைத்துவிடும். அதே வெப்பத்தில் ஒரு ஆபத்தும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாது. வெந்த சோற்றைச் சும்மா வெளியே விட்டால் அவை முளைத்துப் பெருகும். அவற்றில் சில விடும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. தண்ணீர் சீக்கிரம் புளித்தால் அவை அடங்கும். ஆகவே பழையதில் கவனம் வேண்டிய வேலை ஒன்றுதான்: புளிப்பு முந்திக்கொள்ள வேண்டும்.

அதற்கு நாங்கள் செய்வது இது. புழுங்கலரிசிச் சோறு, வடித்தது. சூடு ஆறி வெதுவெதுப்பானதும், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை முங்க ஊற்றுகிறோம். மத்தியானச் சோற்றை ராத்திரி பத்து மணிக்கு எடுத்து ஊறப்போடுவதில்லை. முந்தின நாள் நீராகாரத்தில் ஒரு கரண்டி சேர்த்தால் புளிப்பு சீக்கிரம் தொடங்குகிறது. வெயில் காலத்தில் எட்டு மணி நேரம் போதும், மார்கழியில் பன்னிரண்டு வரை விடலாம். இளம்புளிப்பு வாசனை வந்தால் சரி. கெட்ட வாடை அடித்தாலோ, கொழகொழவென்று நூல் இழுத்தாலோ யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும். அப்புறம் மோர், சின்ன வெங்காயம், கொஞ்சமாக உப்பு. ஊறுகாயையும் மோர் மிளகாயையும் அள்ளிப் போட்டால் உப்பு எகிறிவிடும்.

பழைய சோற்றின் பேரில் வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு கணக்கை மட்டும் நான் நம்பச் சொல்ல மாட்டேன். 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராமாக இருந்த இரும்பு, 12 மணி நேரத்தில் 73.91 ஆகிவிடும் என்பது அது. அசாம் வேளாண் பல்கலைக்கழக ஆய்வின் பெயரில் வருகிறது. இரும்பு ஒரு தனிமம். பாக்டீரியாவால் அதை உண்டாக்க முடியாது. அரிசியில் இயல்பாகவே உள்ள ஃபைட்டிக் அமிலம் பிடித்து வைத்திருக்கும் இரும்பைப் புளிப்பு ஓரளவு விடுவிக்கும், உடம்பில் சேர்வது எளிதாகும், அவ்வளவே. தீட்டிய வெள்ளையரிசியில் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. ரத்தசோகைக்கு மருந்து என்று இதை நம்பி இருக்கக் கூடாது.

நம்ம சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல் நோயாளிகளுக்குப் பழைய சோறு உதவுமா என்று ஆராய 2021-ல் அரசு நிதியோடு திட்டம் அறிவித்தார்கள். பழக்கத்தில் இருப்பதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. என் அனுபவம் ஆரோக்கியமான வயிறுகளோடு மட்டும்தான். கீமோ எடுப்பவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இரண்டில் எதைத் தொடுவதற்கு முன்னாலும் டாக்டரைக் கேட்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பழையதும் சோறுதான். அளவு பார்த்தே சாப்பிட வேண்டும்.

ஹாஸ்டலிலும் மேன்ஷனிலும் இருப்பவர்களுக்குச் சோறு வடிக்கவே இடம் இருக்காது. அவர்கள் பாட்டிலே வாங்கலாம். கூட்டம் அதிகம் உள்ள, ஜெனரேட்டர் வைத்திருக்கும் கடையாகப் பார்த்து, தயாரித்த தேதி புதிதாக இருப்பதை எடுத்து, நேராக அறை ஃபிரிட்ஜுக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.