சுங்கை சிப்புட் வாழையிலை கடை: மீன் கறிக்கு முழு மார்க், சில்லு பலகைக்கு ஒரு மார்க் கட்

மொதல்ல சாப்பாட்ட சொல்லிடறேன், சில்லு கதைய ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்.

கடை மலேசியா பேராக்ல, சுங்கை சிப்புட் டவுன்ல, பஸ் ஸ்டேண்டுல எறங்கி நடக்குற தூரம். பேரு போட மாட்டேன், கடைக்கார அக்காவே வேணாம்னாங்க, "பேரு போட்டா மறுபடி பேனர் தூக்கிட்டு வந்துருவாங்க தம்பி"ன்னு (அது என்ன பேனர்னு கீழ வரும்). இந்த ஊர்க்காரங்களுக்கு நான் எந்த கடைய சொல்றேன்னு எப்படியும் தெரிஞ்சிரும். 12 மணிக்கு முன்னாடி போயிடுங்க, 1 மணிக்கு மேல மீன் கறி சட்டில வெறும் கொழம்பு தான் கெடக்கும். இலை சோறு, மூணு காய், ரசம், மோர், அப்பளம் எல்லாம் சேத்து 9 வெள்ளி (ரிங்கிட்). மீனுக்கு தனி காசு. கறி பக்கா தோட்டத்து கறி, புளி தூக்கலா, தேங்காப்பால் கம்மியா, மாங்கா சீசன்ல ரெண்டு துண்டு மாங்காயும் கெடக்கும், எங்க பாட்டி ஆக்குன மாதிரி. நெத்திலி சம்பல் ஒரு ஒரு நாள் உப்பு கரிக்கும். காத்தாடி மூணுல ஒண்ணு தான் சுத்துது. கார் நிறுத்த எடம் இல்ல. டாய்லெட் சுத்தம், அதுவும் யாரு வந்து கேட்டாலும் தொறந்து விடறாங்க, சாப்பிட்டாத்தான் போகணும்னு இல்ல. வீடு இல்லாம அஞ்சடியில (கடை வாசல் நடைபாதையில) படுக்குற ஆளுக்கு காலையில பல்லு வெளக்க ஒரு எடம் வேணும்ல, அது நமக்கெல்லாம் தோணவே தோணாது.

இப்ப சில்லு. கை கழுவுற தொட்டிக்கு மேல ஒரு பலகை, வரிசையா ஆணி, ஆணில ஓட்ட போட்ட பிளாஸ்டிக் சில்லு தொங்கும். பச்சைன்னா சோறு, 7 வெள்ளி. மஞ்சள்னா ரெண்டு ரொட்டி சானாய் ஒரு தே (டீ), 4 வெள்ளி. நாம சாப்பிட்டு காசு கட்டறப்ப "ஒரு பச்ச சேத்துக்குங்க"ன்னா போதும், அக்கா மாட்டிடுவாங்க. யாருக்கு தேவையோ அவங்க கை கழுவ போறப்ப ஒண்ணு எடுத்துட்டு வந்து ஒக்காந்து இலைக்கு பக்கத்துல வெச்சா சோறு வரும், அவ்ளோ தான், யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. காசு கட்டிட்டு போறது ஒண்ணும் புது யோசனை இல்ல, இத்தாலில நேப்பிள்ஸ்ல ஒரு கோப்பி குடிச்சிட்டு தெரியாத ஆளுக்குன்னு இன்னொரு கோப்பிக்கும் காசு வெச்சிட்டு போற பழக்கம் ரொம்ப காலமா இருக்கு. நம்ம பக்கம்னா வடலூர்ல வள்ளலார் 1867ல மூட்டுன அடுப்பு. ஆனா இந்த அக்காவோட மூள எங்க வேல செஞ்சிருக்குன்னா பலகைய மாட்டுன எடத்துல. கை கழுவுற எடத்துக்கு எல்லாரும் தான் போறோம், யாரு சில்லு எடுத்தா யாரு எடுக்கலன்னு எவனும் பாக்கறதில்ல.

இத நான் ஏன் இவ்ளோ பெருசா பேசறேன்னா எனக்கு ஒரு பழைய அசிங்கம் இருக்கு. சில வருசத்துக்கு முன்னாடி தீபாவளிக்கு மொத நாள் ராத்திரி நாங்க கூட்டாளிங்க எட்டு பேர் காசு போட்டு கோழி பொரிச்சு சோத்தோட பொட்டலம் கட்டி, ஸ்டேசன் பக்கம், கடை வாசல் பக்கம் படுத்திருக்கறவங்களுக்கு குடுக்க போனோம். ஒரு பெரியவரு, முன்ன பால்மரம் வெட்டுனவராம், பொட்டலத்த பிரிச்சி பாத்துட்டு "தம்பி, பல்லு இல்லப்பா, கொஞ்சம் ரசம் இருந்தா சோத்துல ஊத்தேன்"ன்னாரு. எங்ககிட்ட ரசம் இல்ல. அது மட்டும் இல்ல, அன்னிக்கி ராத்திரி அவருக்கு அது மூணாவது பொட்டலம், மத்த ரெண்டும் தலமாட்டுல அப்படியே கெடந்துச்சு, கோழிய நாய் தான் தின்னுச்சு. அடுத்த வாரம் போய் பாத்தேன், ஒரு பொட்டலமும் வரலன்னாரு.

அதே பெரியவர இந்த கடையில பாத்தேன். பச்ச சில்லு ஒண்ணு. "சோறு கொழைவா இருந்தா போடுமா, காய் வேணாம், ரசம் ரெண்டு கரண்டி"ன்னு அதிகாரமா சொல்றாரு! அக்கா மீன்ல முள்ளு இல்லாத எடமா பிச்சி போட்டாங்க. சாப்பிட்டு முடிச்சி இலைய தன் பக்கமா மடிச்சிட்டு, எழுந்து கை கழுவிட்டு, கல்லாவ பாத்து தலைய ஆட்டிட்டு போயிட்டாரு. எனக்கு அந்த எலைய மடிச்சது தான் கண்ணுலயே நிக்குது.

வெளியூர்க்காரங்க கேப்பாங்க, தோட்டத்து ஊர்ல எப்படிப்பா வீடு இல்லாதவங்கன்னு. தோட்டத்துல வேலையும் வீடும் ஒண்ணு, லயத்து வீடு கம்பெனி வீடு, வேல போச்சுன்னா சட்டி பானைய தூக்கிட்டு எறங்கணும். பெரிய தோட்டங்கள துண்டு துண்டா வித்தாங்களே, அந்த தோட்டத் துண்டாடல் நடந்தப்ப இதே கதை தான், அதுக்காக தான் இந்த ஊரு எம்பியா இருந்த துன் சம்பந்தன் 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சாரு, தோட்டத்த நாமளே சேந்து வாங்குவோம்னு. அப்புறம் கித்தாவ (ரப்பர் மரத்த) சாச்சி செம்பனை (பாமாயில் மரம்) நட்டாங்க, கொஞ்சம் தோட்டம் தாமானா (வீடமைப்புப் பகுதியா) மாறுச்சு. புள்ளைங்க கூட போனவங்க பொழச்சாங்க, போக முடியாதவங்க அஞ்சடிக்கு வந்தாங்க.

பெரியவரோட பைய ஒரு மழ ராத்திரில எவனோ தூக்கிட்டு போயிட்டான், ஐசி (அடையாள அட்டை) உள்ள. ஐசி இல்லன்னா என்ன ஆகும்னு எனக்கே 2025ல தான் ஒரைச்சது. 18 வயசுக்கு மேல எல்லாருக்கும் ஐசில 100 வெள்ளி சாரா காசு (அரசாங்க ஒதவி) ஆகஸ்ட் 31ல இருந்து செலவு பண்ணலாம்னு வந்துச்சுல்ல, டவுனே கடையில வரிச புடிச்சி நின்னுச்சு, இவரு மட்டும் வெளிய ஒக்காந்திருந்தாரு. கடைக்கு தெனம் வர்ற லாரி டிரைவர் ஒருத்தரு தான் போலீஸ் ரிப்போட்டு போட வெச்சி மோட்டார்ல ஏத்திக்கிட்டு பதிவு இலாகாவுக்கு ரெண்டு தடவ அலைஞ்சாரு. புது ஐசியோட நகல் இப்ப கல்லா பக்கத்து பிஸ்கட் டின்ல இருக்கு. எனக்கு தெரிஞ்சி இந்த கடையில நடந்த ஒதவில பெருசு சோறு இல்ல, அந்த ரெண்டு நாள் மோட்டார் சவாரி தான்.

இன்னொண்ணு, 4 மணிக்கு மேல மிச்சம் சோறு கறி இருந்தா அக்கா கட்டி வெச்சிடறாங்க. வேற ஒரு கடையில கேட்டேன், "வயித்தால போச்சுன்னா நம்ம மேல கேஸ் போடுவான்"னு சாக்கடையில கொட்டறாங்க. அண்ணே, அதுக்கு தான் 2020லயே உணவு கொடையாளர் பாதுகாப்பு சட்டம் வந்திருக்கு, சுத்தமா, கெட்டுப் போகாம, பத்திரமா குடுத்தா உங்களுக்கு பாதுகாப்பு இருக்கு. அப்புறம் தெருவுல ஒருத்தர பாத்த ஒடனே 15999 தாலியான் காசிஹ் ஒதவி லைனுக்கு போன் போட்றவங்களுக்கு, போடுங்க, நல்லது தான், ஆனா மொதல்ல அவரண்ட கேளுங்க. ஆதரவற்றோர் சட்டம்னு 1977ல ஒண்ணு இருக்கு, வெல்ஃபேர்காரங்க ஆள கூட்டிட்டு போய் இல்லத்துல சேக்க முடியும், அதனால வெல்ஃபேர் வேன பாத்தா ஓடறவங்க இருக்காங்க. இதே பெரியவரு அந்த தீபாவளி ராத்திரி பொட்டலம் குடுக்க போன எங்க வேனயும் அப்படி தான் நெனச்சாராம்.

சரி, மார்க் ஏன் கட். கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஒரு கூட்டம் பேனரோட வந்து ஒரே அடியா 50 பச்ச வாங்கி, "சாப்பிட போறவங்கள நிக்க வைங்க, ஒரு போட்டோ"ன்னாங்க. அக்கா முடியாதுன்னுட்டாங்க. பலகைய மட்டும் படம் புடிச்சி போட்டாங்க, அது ஊரெல்லாம் சுத்தி, பள்ளிக்கூடம் விட்டு வர்ற பசங்க வெளையாட்டுக்கு சில்ல எடுத்துட்டு போக ஆரம்பிச்சிட்டானுங்க. இப்ப பலகை கல்லாவுக்கு பின்னாடி. வேணும்னா வாய தொறந்து கேக்கணும், வரிசையில பத்து பேர் பாக்க.

அதுலேர்ந்து பெரியவரு உள்ள வர்றதில்ல. பின் வாசல்ல நிக்கறாரு, அக்கா பொட்டலம் கட்டி குடுக்கறாங்க. ரசம் தனி பையில கட்டி தான் குடுக்கறாங்க, இருந்தாலும் பொட்டலம் பொட்டலம் தானே.

நான் சண்டையே போட்டேன். "ஒரே நாள்ல 11 பச்ச காணோம் தம்பி, நீ வந்து காவல் காக்கிறியா?"ன்னாங்க. அதுவும் நியாயம் தான், என்னால பதில் சொல்ல முடியல. மொத்தத்தையும் மாட்டாம மூணு மூணா மாட்டுங்க, போனா மூணு தானே போவும்னு சொல்லிட்டு வந்தேன். "பாப்போம்"னாங்க, அவங்க பாப்போம்னா பொதுவா இல்லன்னு அர்த்தம்.

போன ஞாயித்துக்கிழம போனேன், லேட்டா தான். கை கழுவ போனா தொட்டிக்கு மேல புதுசா மூணு ஆணி அடிச்சிருக்கு. சில்லு இன்னும் மாட்டல. மீன் கறி முடிஞ்சிருச்சு.