மூணு ஊருக்கும் ஒரே பிள்ளையார் கோவில் தெரு

கதவு எண் 2/45, பிள்ளையார் கோவில் தெரு. பேரூராட்சி ஆபீஸ் கம்ப்யூட்டரில் இதைத் தட்டினால் மூன்று வீடு வந்து நிற்கிறது. மூன்று ஊராட்சிகளைச் சேர்த்து ஒரு பேரூராட்சி ஆக்கியிருக்கிறார்கள். மூன்றிலும் பிள்ளையார் உண்டு, அவருக்கொரு தெரு உண்டு, தெருவுக்கொரு 2/45 உண்டு. பழைய ஊர்ப் பெயரை மட்டும் யாரும் ஏற்றவில்லை. போதாததற்கு இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். வீட்டு வரியில் பெயர் மாற்ற வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தால் நாலு நாள் இதற்கே போகும்.

முன்பு ஊராட்சி கிளார்க் திண்ணையில் உட்கார்ந்து, கார்பன் வைத்து ரசீது எழுதுவார். வரி 100, நூலக வரி 10, வருஷத்துக்கு 110 ரூபாயோடு சரி. "கெணத்து வீடு" என்றால் போதும், கதவு எண்ணை யார் பார்த்தார்கள்! பிரசிடென்டிடம் சொல்லலாமென்றால், 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் நடந்த மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்துவிட்டது. இனி எல்லாம் பேரூராட்சிச் செயல் அலுவலர்தான். வாசலில் நின்ற கூட்டத்தில் பாதி, ஊர் பேரூராட்சி ஆனதால் நூறு நாள் வேலை போனதைக் கேட்க வந்தது.

கனடாவிலும் இந்தக் கூத்து நடந்ததுதான். 2001-ல் ஒட்டாவாவோடு சுற்றுவட்டார ஊர்களை இணைத்தபோது ஒரே பெயரில் தெருக்கள் முட்டிக்கொண்டன. பெயர் மாற்றும் வேலை வருஷக்கணக்கில் இழுத்தது. ஆனால் ஒண்டாரியோவில் ஒவ்வொரு சொத்துக்கும் 19 இலக்க ரோல் நம்பர் இருக்கிறது. தெருப் பெயர் எப்படிக் குழம்பினாலும் வரி அந்த நம்பரைப் பிடித்துக்கொண்டு போகும்.

இங்கே அதற்கு ஈடு வரிவிதிப்பு எண். அதைக் கண்டுபிடிக்க ஊராட்சிப் பெயர் அச்சடித்த பழைய ரசீதும் இ.பி. கார்டும் வேண்டும். பட்டா தாலுகா ஆபீஸ் சமாச்சாரம், அதை நீட்டினால் வரிக் கணக்கில் பெயர் மாறாது. ஆனாலும் கையில் இருக்கட்டும்: உள்ளாட்சி இணைந்தாலும் வருவாய் கிராமத்தின் பெயர் அப்படியே இருப்பதால், மூன்றில் எந்தப் பிள்ளையார் என்று காட்ட உதவும். அப்பா பெயரில் இருந்த வீடென்றால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் சேரும். வாரிசுச் சான்று வி.ஏ.ஓ., ஆர்.ஐ. தாண்டித் தாசில்தாரிடம் போக வேண்டியது. விமானம் ஏறுமுன்பே இ-சேவையில் போட்டுவிடுங்கள்.

கடைசியில் முடிச்சை அவிழ்த்தவர் டேங்குக்கு மோட்டார் போடுபவர். பழைய ஊராட்சி ஆள், எந்தக் குழாய் எந்த வீட்டுக்குப் போகிறது என்று அத்துப்படி. திரையை எட்டிப் பார்த்து, "ரெண்டாவதுதாங்க கெணத்து வீடு, மத்த ரெண்டும் நம்மூரே இல்ல" என்றார். பத்து நிமிஷத்தில் எண் கிடைத்தது.

வரி இனி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் கழிவு. கவுன்டரை விட்டு நகருமுன் பதிவிலுள்ள செல் நம்பரையும் பாருங்கள். அப்பாவின் பழைய நம்பரே இருந்தால் தகவலெல்லாம் அதற்குத்தான் போய்க்கொண்டிருக்கும்.