ரீப்பரா, எஃப்எல் ஸ்டுடியோவா, லாஜிக்கா: வீட்டில் பாட்டு கட்ட எது கைகொடுக்கும்?

ரீப்பர், எஃப்எல் ஸ்டுடியோ, லாஜிக் எல்லாம் கணினியிலேயே பாட்டைப் பதிந்து, அடுக்கி, கலந்து முடிக்கும் மென்பொருள்கள். "அந்த சாஃப்ட்வேர்ல மிக்ஸ் பண்ணா சவுண்டு கெட்டியா இருக்கும்" என்று யாராவது சொன்னால் சண்டை போட வேண்டாம். ஒரு சோதனை போதும். பதிவு செய்த ஆறேழு வேவ் கோப்புகளை இரண்டு மென்பொருளிலும் ஏற்றுங்கள். வால்யூமில் கைவைக்காதீர்கள், எஃபெக்ட் எதையும் போடாதீர்கள், பேன் (ஒலியை இடது வலது பக்கம் நகர்த்தும் திருகு) எல்லாம் நடுவிலேயே இருக்கட்டும், டிதர் (கோப்பாக்கும்போது சேர்க்கும் மெல்லிய இரைச்சல்) அணைந்திருக்கட்டும். இரண்டிலிருந்தும் பாட்டை வெளியே எடுத்து, ஒரே புராஜெக்டில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ஒன்றின் ஃபேஸை (ஒலி அலையின் மேடு பள்ளத்தை) மட்டும் தலைகீழாக்குங்கள். சரியாகச் செய்திருந்தால் ஒன்றும் கேட்காது. இரண்டும் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும். கூட்டிக் கலக்கும் கணக்கு எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஏதாவது மிச்சமாகக் கேட்டால், முதலில் பேன் லா அமைப்பை, அதாவது நடுவில் வைத்த ஒலியை எவ்வளவு தணிப்பது என்ற விதியை, சந்தேகப்படுங்கள்.

அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? மென்பொருள் முடிவு செய்வது ஒலியை அல்ல, உங்கள் கை போகும் வழியை. ஒலியைத் தருவது அதற்குள் நீங்கள் ஏற்றும் வாத்தியம். இந்த இரண்டையும் ஒரே தராசில் போடுவதால்தான் பலர் பெயருக்காகப் பெரிய மென்பொருளை வாங்கிவிட்டு, அதோடு வந்த சுமாரான பியானோவை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் பாட்டு எங்கே தொடங்குகிறது? தாளத்திலா, குரலிலா, கீபோர்டிலா? நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

தாளத்தில் தொடங்குகிறவர்களுக்கு எஃப்எல் ஸ்டுடியோவும் ஏபில்டன் லைவும்தான் நேரடிப் போட்டி. எஃப்எல் 1997இல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் நான்கு சேனல் டிரம் மெஷினாகப் பிறந்தது. அந்தப் பிறவிக் குணம் இன்னும் போகவில்லை. பதினாறு கட்டங்களில் கிக், ஸ்நேர், ஹைஹாட் என்று தட்டிக்கொண்டே போனால் ஐந்து நிமிடத்தில் ஒரு பீட் ஓடும். சுரங்களைக் கட்டங்களாக வரையும் பியானோ ரோல் விஷயத்தில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது என் கட்சி. எதிர்க்கட்சிக்காரர்கள்கூட இதில் பெரிதாக வாதாடுவதில்லை. ஒருமுறை வாங்கினால் வாழ்நாள் முழுக்கப் புதுப் பதிப்புகள் இலவசம் என்ற வாக்கையும் அந்த நிறுவனம் இதுவரை காப்பாற்றி வருகிறது. குரல் பதிவு முக்கியம் என்றால் மட்டும், அடிமட்டப் பதிப்பில் கைவைக்கும் முன் எந்தப் பதிப்பில் ஆடியோ பதிவு உண்டு என்ற பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

லைவ் 2001இல் வந்தது. அதன் தனிச்சொத்து செஷன் வியூ. பல்லவிக்கு நான்கு யோசனை, சரணத்திற்கு மூன்று யோசனை என்று சின்னச் சின்னத் துண்டுகளாக அடுக்கிவைத்து, எதை எதோடு ஓட்டினால் ஒட்டுகிறது என்று ஓடவிட்டபடியே பார்க்கலாம். காலக்கோடு என்ற கயிறு கழுத்தில் கிடையாது. பாட்டின் உருவம் முன்கூட்டியே மனதில் வந்துவிடுகிறவருக்கு இது தேவையே இல்லை. எட்டு பார் (எட்டுத் தாளச் சுற்று) நீளத்தில், திரும்பத் திரும்ப ஓடும் ஒரு லூப்பைச் செய்துவிட்டு அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் முழிப்பவருக்கு இது பெரிய விடுதலை. சில நேரம் பெரிய பொறியும்கூட: துண்டுகள் சேர்ந்துகொண்டே போகும், பாட்டு முடியவே முடியாது.

குரலில் தொடங்குகிறவர் கதை வேறு. ஒரே வரியை எட்டு முறை பாடி, ஒவ்வொன்றிலும் நல்ல சொல்லை மட்டும் பொறுக்கிக் கோர்ப்பதுதான் அவருடைய வேலையில் பாதி. மேக் வைத்திருந்தால் பேச்சே இல்லை, லாஜிக் ப்ரோ. டேக்குகளை ஒன்றின் கீழ் ஒன்றாக விரித்து, வேண்டிய பகுதியை மவுஸால் தேய்த்தால் போதும், அது மேலே வந்துவிடும். கூடவே வரும் சொத்தும் அதிகம். ஆல்கெமி என்ற சிந்தசைசர் (ஒலியை மின்னணு முறையில் உருவாக்கும் வாத்தியம்), சொன்னபடி வாசிக்கும் டிரம்மர், 2024இல் சேர்ந்த பேஸ், கீபோர்டு வாசிப்பாளர்கள் என்று தனியாக எதுவும் வாங்காமலே ஒரு பாட்டை முடித்துவிடலாம். அதற்கு முன் கராஜ்பேண்டில் கை பழகுங்கள். இலவசம், அதில் செய்த பாட்டை அப்படியே லாஜிக்கில் திறக்கலாம். ஒரு கட்டுப்பாடு: இரண்டுமே ஆடியோ யூனிட் வகை பிளக்இன்களை (உள்ளே ஏற்றும் வாத்தியங்கள், எஃபெக்ட்களை) மட்டும்தான் ஏற்கும், விஎஸ்டி என்ற இன்னொரு வகை ஓடாது. விண்டோஸ்காரர்களுக்கு லாஜிக் கிடையவே கிடையாது.

அவர்களுக்கு, லினக்ஸ்காரர்களுக்கும் சேர்த்து, ரீப்பர். நான் இருப்பது இங்கேதான், ஆகவே கொஞ்சம் சாய்வோடுதான் பேசுவேன். நிறுவும் கோப்பு ஒரு போட்டோ ஆல்பம் அளவுகூட இருக்காது. பழைய கணினியிலும் சிணுங்காமல் ஓடும். எந்தப் பொத்தான் எதைச் செய்ய வேண்டும் என்பதிலிருந்து மெனுவில் என்ன இருக்க வேண்டும் என்பதுவரை மாற்றிக்கொள்ளலாம். நூறு பாட்டுகளுக்குக் குரல் திருத்துபவர் இதன் அருமையை அறிவார். ஆனால் உள்ளே வாத்தியம் என்று சொல்லிக்கொள்ள ஏறக்குறைய ஒன்றுமில்லை. திறந்த முதல் நாள் சாம்பல் நிறத் திரையைப் பார்த்து, சுவர் மட்டும் எழுப்பிய வீட்டுக்குள் நிற்பதுபோல் இருந்தது. பாத்திரம் பண்டம் எல்லாம் நாமே கொண்டுவர வேண்டும்.

கியூபேஸ் என்ற இன்னொரு மென்பொருளைப் பற்றி ஒரு பத்தி போதும். இன்று எல்லோரும் சொல்லும் 'விஎஸ்டி' என்ற சொல்லே 1996இல் கியூபேஸோடு வந்ததுதான். பெரிய ஆர்கெஸ்ட்ரா எழுதுகிறவர்கள் அதை விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம் உண்டு. முதல் பாட்டு செய்கிறவருக்கு அவ்வளவு பெரிய சமையற்கட்டு வேண்டாம்.

இனி வாத்தியங்கள். இங்கே போட்டி கம்பெனிகளுக்கு நடுவில் இல்லை, இரண்டு முறைகளுக்கு நடுவில். ஒன்று சாம்பிள்: நிஜ வாத்தியத்தை ஒவ்வொரு சுரமாக, மெதுவாகவும் அழுத்தியும் வாசித்துப் பதிந்து வைப்பது. மற்றது மாடலிங்: தந்தி எப்படி அதிரும், காற்று குழாயில் எப்படிச் சுழலும் என்பதைக் கணக்காக எழுதி, வாசிக்கும் நொடியில் ஒலியை உருவாக்குவது.

பியானோவையே எடுத்துக்கொள்வோம். இலவசமாகக் கிடைக்கும் சலமாண்டர் பியானோ, யமஹா சி5 ஒன்றிலிருந்து பதிந்தது. மூன்று அரைச்சுரத்துக்கு ஒன்று என்று 30 கட்டைகள், ஒவ்வொன்றுக்கும் 16 அழுத்த நிலைகள். ஆக, அடிப்படைப் பதிவுகளே 480. நடுவில் விட்டுப்போன கட்டைகளுக்குப் பக்கத்துப் பதிவை ஏற்றி இறக்கி ஒட்டுவார்கள். மறுபுறம் பியானோடெக். ஒரு பதிவும் கிடையாது, எல்லாம் கணக்கு. மொத்தமே 100 எம்பிக்குள் அடங்கிவிடும். தனியாக ஒரு சுரத்தை அழுத்திக் கேட்டால் சாம்பிள்தான் ஜெயிக்கும். அந்த மரமும் அறையும் காதில் விழும். பெடலைப் பாதி அழுத்தி, பத்து விரலும் ஓடும்போது மற்றத் தந்திகள் ஒத்ததிர்வதைக் கேட்டால் மாடலிங் ஜெயிக்கும். பாட்டுக்குப் பின்னணியில் நான்கு கார்டு வாசிப்பவர் சாம்பிளை எடுக்கலாம். பியானோவே பாட்டு என்றால் மாடலிங்.

சுரம் வளைய வேண்டிய இடத்தில்தான் சாம்பிளின் குட்டு உடைகிறது. புல்லாங்குழலில் ஒரு கமகம் வாசிக்க வேண்டும் என்று வையுங்கள். பெரும்பாலான வாத்தியங்களில் சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் வீலின் எல்லை மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம்தான். ஸ-விலிருந்து ம-வுக்கு இழுக்க அது போதாது. எல்லையை 12 என்று மாற்றுங்கள். துல்லியம் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம்: மிடி (கீபோர்டின் அசைவுகளைக் கணினிக்குச் சொல்லும் மொழி) அந்த அசைவை 16,384 படிகளாகப் பிரிக்கிறது. இரண்டு ஆக்டேவ் தூரத்திற்குப் பங்கு போட்டாலும் ஒரு படி ஒரு அரைச்சுரத்தின் அறுநூறில் ஒரு பங்குக்கும் கீழே. சிக்கல் வேறு இடத்தில். சாதாரண சாம்ப்ளர் சுரத்தை உயர்த்துவது, டேப்பை வேகமாக ஓட்டுவதுபோலத்தான். நான்கு அரைச்சுரம் ஏற்றினால் பதிவு ஏறக்குறைய 26 சதவீதம் வேகமாக ஓடும். பதிவிலேயே இருந்த காற்றின் நடுக்கமும் அதே அளவு வேகமாகி, குழல் கார்ட்டூன் குரலில் பேசத் தொடங்கும். ஸ்வாம் போன்ற மாடலிங் குழல்களிலும் வயலின்களிலும் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வெறும் விரலால் கட்டையை அழுத்தினால் அது பேசாது. மூச்சுக்கோ வில்லுக்கோ ஈடாக எக்ஸ்பிரஷன் கட்டளையும் இடைவிடாமல் போய்க்கொண்டிருக்க வேண்டும். கீபோர்டின் மோட் வீல் என்ற சக்கரத்தை ஓட்டும் இடது கைக்கு இது புதிய வேலை. பழக மாதங்கள் ஆகும்.

இந்த வளைவை எழுதுவதில் மென்பொருள்களுக்கும் வேறுபாடு உண்டு. எஃப்எல்லின் ஸ்லைடு நோட் பார்க்க அழகு. ஆனால் அதன் சொந்த வாத்தியங்களோடுதான் வேலை செய்யும், வெளி விஎஸ்டியிடம் பலிக்காது. ரீப்பரில் பெண்ட் கோட்டைக் கையால் வளைவாக வரைந்துகொள்ளலாம். லாஜிக்கும், 11ஆம் பதிப்பு முதல் லைவும், ஒவ்வொரு விரலுக்கும் தனி வளைவு தரும் எம்பிஇ முறையை ஏற்கின்றன. அதற்கான விலையுயர்ந்த கீபோர்டை நான் இன்னும் வாங்கவில்லை, ஆசை மட்டும் உண்டு.

பெரிய ஆர்கெஸ்ட்ரா லைப்ரரிகளைப் பற்றி ஒரு வாக்குமூலம். பெயர் வேண்டாம், ஒரு நிறுவனத்தின் பிரம்மாண்டமான தொகுப்பை ஒரு தள்ளுபடியில் மயங்கி வாங்கினேன். இறங்க இரண்டு இரவுகள். ஹார்டு டிஸ்க்கில் மற்றதையெல்லாம் அழித்து இடம் தந்தேன். ஒரு வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தால், நான் தொட்டது செல்லோக் கூட்டத்தையும் ஒரே ஒரு பிரெஞ்சு ஹார்னையும்தான். ஸ்பிட்ஃபயர் நிறுவனத்தின் பிபிசி சிம்பனி தொகுப்பையே பாருங்கள்: டிஸ்கவர் என்ற இலவசப் பதிப்பு சுமார் 200 எம்பி, ப்ரொஃபஷனல் பதிப்பு பல நூறு ஜிபி. வயலின் கூட்டம் பாட்டுக்குப் பின்னால் மெல்ல நிற்க வேண்டும் என்பவர் டிஸ்கவரிலேயே தொடங்கட்டும். குறை காதில் உறுத்தும் நாளில், எந்த வாத்தியத்தில் உறுத்துகிறது என்பதும் தெரிந்திருக்கும். அதை மட்டும் வாங்கலாம்.

சிந்தசைசருக்குக் காசு செலவழிப்பதை இன்னும் தள்ளிப்போடலாம். சர்ஜ் எக்ஸ்டியும் வைட்டலின் இலவசப் பதிப்பும் பலர் வாங்கி வைத்திருப்பவற்றுக்குச் சளைத்தவை அல்ல. சர்ஜில் சுருதி அமைப்பைக்கூட நம் விருப்பப்படி மாற்றலாம். ஆக்டேவின் பன்னிரண்டு சமப் பங்குக்கு வெளியே யோசிப்பவர்களுக்கு அது பெரிய வரம். சாம்பிள் தொகுப்புகளை ஓட்டும் கான்டாக்ட் மென்பொருளின் இலவச பிளேயரில் ஒரு சூட்சுமம்: அதற்கென்று உரிமம் பெற்ற தொகுப்புகள் முழுமையாக ஓடும், மற்றவை 15 நிமிடத்தில் வாயை மூடிக்கொள்ளும். "கான்டாக்ட் வேண்டும்" என்று எழுதியிருக்கும் வாத்தியத்தை வாங்கும் முன், முழு கான்டாக்டா, பிளேயரா என்று பார்த்துவிடுங்கள்.

வாசிக்கும்போது கட்டை அழுத்தியபின் ஒலி தாமதித்து வந்தால் மென்பொருளைத் திட்ட வேண்டாம். பஃபரைப் பாருங்கள், அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்து அனுப்பும் ஒலியின் அளவை. 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் (இங்கே நொடிக்கு 48,000 முறை எடுக்கும் ஒலி அளவீடு, வாத்தியப் பதிவு அல்ல) பஃபர் என்றால் அதுவே 21 மில்லிசெகண்டுக்கு மேல். 128 வைத்தால் மூன்றுக்கும் கீழே. பதிவின்போது குறையுங்கள், மிக்ஸிங்கின்போது ஏற்றுங்கள். விண்டோஸில் ஏசியோ டிரைவர் (தாமதத்தைக் குறைக்கும் ஒலி இணைப்பு மென்பொருள்) இல்லாமல் வாசிக்க உட்காரவே வேண்டாம்.

கடைசியாக, காசு கொடுக்கும் முன் இரண்டிலாவது ஒரே பதினாறு பாரைச் செய்து பாருங்கள். ரீப்பர் 60 நாள், லைவ் 30 நாள், லாஜிக் 90 நாள், எந்த வசதியையும் மறைக்காமல் தருகின்றன. எஃப்எல்லின் சோதனைப் பதிப்புக்கு நாள் கணக்கே கிடையாது, எல்லாம் வேலை செய்யும், சேமிக்கவும் விடும். சேமித்ததை மறுபடி திறக்க மட்டும் வாங்கியாக வேண்டும். ஆகவே அதில் உட்காரும் நாளில் தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுந்திருக்கும் முன் ட்ராக் ட்ராக்காக வேவ் கோப்புகளாய் வெளியே எடுத்துவிடுங்கள்.