வளரும் முதுகுக்கு யாரிடம் போவது?

வெள்ளவத்தையில் மகளுக்குப் பரதநாட்டிய உடுப்புத் தைக்கக் கொடுத்தபோதுதான் விஷயம் தெரிய வந்தது. அளவெடுத்த தையல்காரம்மா நாடாவை இரண்டாந்தரமும் பிடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, பிள்ளையின்ர ரெண்டு தோளும் ஒரே மட்டத்தில இல்லை, பாத்தனீங்களோ?" என்று கேட்டார். அன்றிரவு மகளைக் கை இரண்டையும் சேர்த்துக்கொண்டு முன்னால் குனியச் சொன்னேன். வலப்பக்க விலா ஒரு சின்ன மேடு போல எழும்பி நின்றது, இடப்பக்கம் தட்டையாகக் கிடந்தது. முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைந்திருந்தது, இதை ஸ்கோலியோசிஸ் என்பார்கள். அப்போது அவளுக்கு 12 வயது.

யாரிடம் காட்டுவது என்று கேட்டால் சொந்தக்காரர் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். பெயர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் தெரிவு இரண்டுதான். ஒருவர், பெரியவர்களின் முள்ளந்தண்டை நாளாந்தம் திருத்துபவர். மற்றவர், பிள்ளைகளின் எலும்பைத் துறையாக எடுத்து, அதற்கு மேல் முள்ளந்தண்டிலும் தனிப்பயிற்சி பெற்றவர். நாங்கள் இரண்டு பேரிடமும் போனோம்.

முதலில் சனல் பண்ணியது, அதாவது காசு கட்டி நேரம் எடுத்துப் பார்த்தது, பெரியவர்களுக்குச் செய்பவரை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வளைவின் கோணத்தை அளந்தார்: 28 பாகை. "ஒப்பரேஷனுக்கு 50 வர வேணும், இது சின்ன வளைவு, வருசம் ஒண்டு போகட்டும்" என்றார். எங்களுக்கும் மனம் ஆறியது.

இரண்டாமவர் அதே படத்தைத்தான் பார்த்தார். ஆனால் அவர் முதலில் கேட்டது, "பிள்ளை பெரியபிள்ளையாகிட்டாவா?" என்று. இல்லை என்றேன். உயரம் அளந்தார். போன வருடச் சட்டை எவ்வளவு கட்டையாகிவிட்டது என்று விசாரித்தார். பிறகு முதுகை விட்டுவிட்டு, படத்தில் இடுப்பெலும்பின் மேல்விளிம்பைக் காட்டினார். அங்கே எலும்பு மூடி இன்னும் தோன்றவே இல்லை. எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று காட்டும் ரிசர் அளவில் பூச்சியம் என்றார். வேகமாக வளரும் காலம் இனித்தான் வரப்போகிறது, அந்த வளர்ச்சியோடு வளைவும் கூடும் என்று விளங்கப்படுத்தினார். வளர்ந்து முடிந்த பிள்ளைக்கு 28 பாகை என்றால் பெரும்பாலும் பயமில்லை. வளரப்போகிற பிள்ளைக்கு அதே 28 உடனே பெல்ட், அதாவது வளைவு கூடாமல் உடம்பைச் சுற்றிப் பிடிக்கும் கடினமான கவசம், போட வேண்டிய அளவு. முதல் இடத்தில் சொன்னபடி ஒரு வருடம் காத்திருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

பெல்ட் உதவுமா என்று நானும் சந்தேகப்பட்டேன். 2013இல் வெளியான அமெரிக்க-கனேடிய ஆய்வில், பெல்ட் போட்ட பிள்ளைகளில் 72 வீதமானோர் 50 பாகையைத் தொடாமலே வளர்ந்து முடித்தார்கள். சும்மா கவனித்துக்கொண்டிருந்தவர்களில் அது 48 வீதம். எவ்வளவு அதிக நேரம் போட்டார்களோ அவ்வளவுக்குப் பலன் கூடியது. எங்களுக்குச் சொன்னது நாளுக்கு 18 மணித்தியாலம். கொழும்புப் புழுக்கத்தில் அது லேசில்லை. உள்ளுக்குப் போடும் பருத்திப் பனியனை ஒரு நாளில் மூன்று தரம் மாற்றினோம்.

10 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை, பிள்ளைகளின் நிபுணர்தான். அந்த வயதில் ஒப்பரேஷன் செய்து முதுகெலும்புகளை நீளத்துக்கு ஒன்றாக இறுக்கிப் பொருத்திவிட்டால் நெஞ்சுக்கூடு குறுகி, நுரையீரலுக்கு இடமில்லாமல் போகும். பின்பக்கத்தை மட்டும் பொருத்தினால் முன்பக்கம் தொடர்ந்து வளர்ந்து முதுகை முறுக்கிவிடும். அதனால் குழந்தைகளுக்கு மாவுக்கட்டு, கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு நீட்டிக்கொண்டே போகக்கூடிய கம்பி என்று வேறு வழிகள் உண்டு. லண்டனில் வேலை செய்த மின் மேத்தா என்ற பெண் வைத்தியர், நேரத்தோடு மாவுக்கட்டுப் போட்டால் பிள்ளையின் வளர்ச்சியே வளைவை நிமிர்த்தும் என்று 2005இல் எழுதிக் காட்டினார். வளர்ச்சியைக் கூட்டாளியாக வைத்து வேலை செய்வது தனிக் கல்வி. எலும்பியலுக்கு ஐரோப்பிய மொழிகளில் இருக்கும் பெயரும் 'நேரான பிள்ளை' என்ற பொருளில் 1741இல் ஒரு பிரெஞ்சு வைத்தியர் வைத்ததுதான்.

ஆனால் 17 வயது, வளர்ச்சி முடிந்துவிட்டது, வளைவு 55 என்றால் நான் பெரியவர்களின் நிபுணரையும் தாராளமாகத் தேடுவேன். அங்கே முள்ளந்தண்டில் திருகாணி இறக்கும் கைப்பழக்கமும், ஒப்பரேஷன் நடக்கும்போது நரம்புச் சைகைகளைக் கண்காணிக்கும் கருவியும் பெரிது. வருடத்துக்கு எத்தனை வளைவு ஒப்பரேஷன் செய்கிறீர்கள், கண்காணிப்பு இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சப்படத் தேவையில்லை. இரவில் எழுப்பும் நோ, காலில் பலவீனம், நெஞ்சுப் பகுதியில் இடப்பக்கம் போகும் வளைவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள். முண்ணாணில், அதாவது முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்பு வடத்தில், பிரச்சினை தெரிந்தால் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர்தான் முதலில் வர வேண்டும்.

வைத்தியரின் படிப்பைப் பற்றியும் ஒரு சொல். எம்பிபிஎஸ் 5 வருடம், உள்ளகப் பயிற்சி 1 வருடம், பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் படிப்பு, அதற்குப் பிறகு வெளிநாட்டுப் பயிற்சி. இந்தக் கடைசிக் கட்டத்தை எதில் செய்தார் என்பதைக் கேளுங்கள். பெயர்ப்பலகையில் எலும்பு நிபுணர் என்று மட்டும் இருந்தால் அது தெரியாது.

அரசாங்கமா தனியாரா என்பது எனக்கு இரண்டாம் பட்சம். பொரளை லேடி ரிட்ஜ்வே அரசாங்கப் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கிளினிக் இலவசம், வரிசைதான் நீளம். பின்னேரம் சனலிங்கில் காசு கொடுத்துப் பார்ப்பதும் பல வேளை அரசாங்க ஆஸ்பத்திரி நிபுணரைத்தான். சென்னைக்குப் போகச் சொன்னவர்களும் உண்டு. ஒப்பரேஷனுக்கு என்றால் யோசிக்கலாம். பெல்ட்டுக்குச் சரிவராது, நாலைந்து மாதத்துக்கொருதரம் அதைத் திருத்த வேண்டும்.

போன மாத எக்ஸ்ரேயில் 27 பாகை. பெல்ட் இல்லாத ஆறு மணித்தியாலத்துக்குள்தான் அவளுடைய நடன வகுப்பும் வருகிறது. பழைய படங்களையெல்லாம் திகதி எழுதி ஒரே உறையில் வைத்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.