மூளை ஏற்பிகளைப் படம்பிடிக்க எந்த ஐசோடோப்? கார்பனா, ஃபுளோரினா, டெக்னீசியமா?

உசிலம்பட்டியில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு இரண்டு வருஷமாகக் கை நடுக்கம். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி டீ வேட்டியில் சிந்திவிடும். பார்க்கின்சன்தான் என்று சொந்தக்காரர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். மதுரையில் நரம்பியல் மருத்துவர் டிரோடாட் என்ற மூளை ஸ்கேன் எழுதிக்கொடுத்தார். படத்தில், மூளையின் நடுவே, இரண்டு காற்புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தன. பார்க்கின்சனாக இருந்தால் அவற்றின் வால் தேய்ந்து வெறும் புள்ளியாகச் சுருங்கியிருக்கும். அவருக்கு இருந்தது வேறு வகை நடுக்கம்; அதற்கு மருந்தும் வேறு.

நான் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவன். வகுப்பில் இதைச் சொன்னபோது முதுகலை மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், மூளைக்கு ட்ரேசர் செய்யற ஆராய்ச்சிக்குப் போனா எந்த ஐசோடோப்பைப் பிடிக்கணும்?" ட்ரேசர் என்பது மூளையில் குறிப்பிட்ட இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு, தன் கதிர்வீச்சால் அந்த இடத்தை ஸ்கேனில் காட்டும் பொருள்; அதில் ஏற்றும் கதிரியக்க அணுதான் இங்கே ஐசோடோப். ஏற்பி என்பது நரம்புச் செல்லில் வேதிச் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதம். மணி அடித்துவிட்டதால் பாதியிலேயே நின்ற பதிலை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

முதலில் கடிகாரம், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் நேரமான அரை ஆயுள். கார்பன்-11க்கு அரை ஆயுள் 20 நிமிடம், ஃபுளோரின்-18க்கு 110 நிமிடம், டெக்னீசியம்-99எம்முக்கு 6 மணி நேரம். கோவையிலிருந்து மதுரைக்கு ரோட்டில் நான்கு மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், டெக்னீசியத்தில் 63 விழுக்காடு மிஞ்சும். ஃபுளோரினில் 22 விழுக்காடு. கார்பனில் மூவாயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. பதநீரை இறக்கிய மரத்தடியிலேயே குடித்துவிட வேண்டும் என்பார்களே, கார்பன்-11 அந்த ஜாதி. ஐசோடோப்பை உண்டாக்கும் சைக்ளோட்ரான் எந்திரமும் வேதிக்கூடமும் ஸ்கேனரும் ஒரே வளாகத்தில் இருந்தால்தான் அதைத் தொடவே முடியும்.

ஆனாலும் இந்தத் துறைக்குப் பாடம் நடத்தியது கார்பன்தான். 1983இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹென்றி வாக்னர் தானே ஸ்கேனரில் படுத்துக்கொண்டார். உயிரோடிருக்கும் மனித மூளையில், டோபமின் என்ற நரம்புச் செய்திப்பொருளை வாங்கும் ஏற்பிகள் படமாகத் தெரிந்தது அன்றுதான். அந்த ட்ரேசர் கார்பன்-11 ஏற்றிய மெத்தில்ஸ்பைப்பரோன். அடுத்து சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில், கார்பன்-11 ஏற்றிய ராக்ளோபிரைடு என்ற ட்ரேசர் வந்தது. மனச்சிதைவுக்குக் கொடுக்கும் மருந்து டி2 என்ற வகை டோபமின் ஏற்பிகளில் எத்தனை விழுக்காட்டை அடைக்கிறது என்று லார்ஸ் ஃபார்டே குழு அதைக் கொண்டு அளந்தது. ஏறக்குறைய 65 விழுக்காடு அடைபட்டால் மருந்து வேலை செய்கிறது; 80ஐத் தாண்டினால் கைகால் விறைப்பும் நடுக்கமும் வருகின்றன. டோஸைக் குறைத்தாலே போதும் என்று மருத்துவர்கள் நம்பிக்கையோடு சொல்ல முடிந்ததற்கு இந்த அளவீடு பெரிய காரணம்.

கார்பனின் இன்னொரு பலம், மூலக்கூறு கொஞ்சமும் மாறுவதில்லை. சாதாரணக் கார்பன் இருந்த இடத்தில் கதிரியக்கக் கார்பன் உட்காருகிறது, அவ்வளவுதான். எந்த இடத்தில் உட்காருகிறது என்பதுதான் உயிர்நாடி. செரோடோனின் என்ற இன்னொரு நரம்புச் செய்திப்பொருளின் ஏற்பிக்கான வே-100635 என்ற ட்ரேசரில், முதலில் மூலக்கூறின் மீத்தாக்சி என்ற பகுதியில் ஏற்றினார்கள். கல்லீரல் மூலக்கூறை நடுவில் வெட்டியது. கதிரியக்கம் சுமந்த துண்டு மூளைக்குள் புகுந்து படத்தைக் கலங்கடித்தது. 1990களின் நடுவில் அதே கார்பனை, மூலக்கூறின் வேறொரு பகுதியான கார்பனைல் இடத்துக்கு மாற்றினார்கள். இப்போதும் கல்லீரல் அதே இடத்தில்தான் வெட்டியது, ஆனால் கதிரியக்கத் துண்டு மூளைக்குள் போகாத அமிலமாகிவிட்டது. படம் தெளிந்தது. இதைப் பாடம் நடத்தும் ஒவ்வொரு வருஷமும் எனக்கு மனசு நிறைந்துபோகும்.

ஃபுளோரின்-18க்கு நேரம் தாராளம். ஃபாலிப்ரைடு என்ற ட்ரேசர் டி2 ஏற்பியை ராக்ளோபிரைடைவிடப் பல மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். அதனால் ஏற்பி குறைவாக இருக்கும் மூளையின் உட்பகுதியான தலாமஸும் வெளியடுக்கான புறணியும்கூடத் தெரிகின்றன. ஆனால் இறுக்கமாகப் பிடிப்பது சமநிலைக்கு வர மணிக்கணக்காகும். கார்பனை ஏற்றியிருந்தால் அதற்குள் சிக்னல் செத்திருக்கும். இறுக்கத்தையும் அரை ஆயுளையும் ஜோடி பொருத்தித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். குறை, ஃபுளோரின் சில மூலக்கூறுகளிலிருந்து கழன்றுகொள்ளும். கழன்றது எலும்பில் போய் ஒட்டும், மண்டை ஓடு ஒளிரும், பக்கத்திலிருக்கும் புறணியின் அளவு கெடும். வே-100635இன் ஃபுளோரின் உறவான எஃப்சிவேயில் இதுதான் நடந்தது. குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிரம் மாத்திரையை முன்கூட்டியே கொடுத்து, ஃபுளோரினைக் கழற்றிவிடும் கல்லீரல் நொதியை அடக்கித்தான் சமாளித்தார்கள்.

டெக்னீசியத்துக்கு சைக்ளோட்ரானே வேண்டாம். சிதைந்து டெக்னீசியமாகிக்கொண்டே இருக்கும் மாலிப்டினம்-99 அடைத்த ஜெனரேட்டர் என்ற கலத்தை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு, காலையில் மாடு கறப்பதுபோல உப்புநீர் விட்டுக் கறந்துகொள்ளலாம்; துறையிலும் கறப்பது என்றே சொல்கிறார்கள். மாலிப்டினத்தின் அரை ஆயுள் 66 மணி, ஆகவே ஒரு வாரம் ஓடும். நவி மும்பையின் பிரிட் நிறுவனம் இந்த ஜெனரேட்டர்களை அனுப்புகிறது. கறந்ததை, ட்ரேசருக்கான மற்றப் பொருட்கள் கலந்த ஆயத்தக் கிட் பொடியில் விட்டுச் சூடாக்கினால் டிரோடாட் தயார். ஊசி போட்டு நான்கு மணி நேரம் கழித்துப் படம். பெரியப்பா அதற்குள் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டுவிட்டார்.

இங்கே ஒரு திருத்தம். டிரோடாட் பிடிப்பது ஏற்பியை அல்ல, டோபமினைத் திரும்ப உறிஞ்சும் கடத்தியை. டோபமினை அனுப்பும் நரம்பு முனை உயிரோடிருக்கிறதா என்பதை அது சொல்லும். வாங்கும் பக்கத்து ஏற்பியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஏற்பிகளுக்கான டெக்னீசியம் ட்ரேசர்கள் வழக்கத்துக்கு வராததன் காரணம் எளிது: உலோகத்தைப் பிடித்துவைக்க ஒரு கூண்டு வேண்டும், கூண்டு சேர்ந்தால் மூலக்கூறு பெரிதாகிவிடும், மூளையின் காவல் சுவர் அதை விடாது. டிரோடாட்டே கொஞ்சம்தான் உள்ளே போகிறது.

என் தீர்ப்பு இதுதான். நம் வட்டாரத்து நோயாளிக்கு, நடுக்கம் பார்க்கின்சனா இல்லையா என்ற கேள்விக்கு, டெக்னீசியம் போதும். புதிய ஏற்பி ட்ரேசர் செய்யக் கிளம்பும் மாணவிக்கு ஃபுளோரின். இந்த மூன்றில், ஏற்பி ட்ரேசராக வேறு ஊரில் செய்து இங்கே கொண்டுவந்து ஊசி போட வாய்ப்புள்ளது அது ஒன்றுதான். கார்பனை, சைக்ளோட்ரான் உள்ள கூடத்துக்குப் போய்க் கற்றுக்கொள்ளட்டும்.

அவளுக்கு முதல் வேலையும் சொல்லிவிட்டேன். ஃபுளோரினை ஒட்டும் முன், அந்த மூலக்கூறைக் காகிதத்தில் வரைந்து, கல்லீரல் எங்கெங்கே வெட்டும் என்று சிவப்பு மையில் குறித்துக்கொண்டு வா, உட்கார்ந்து பேசுவோம்.